நாளுக்கு 200 பேர் வரும் தளம் சர்வரை எப்படித் திணறடிக்கும்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு வலைத்தளம் இருக்கிறது. பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங் சர்வரில், ஆண்டுக் கட்டணத்தில் ஓடுகிறது. நாளுக்கு 200 பேர் வந்தால் அதிகம். ஒரு மாதமாக இரவு பத்து, பத்தரைக்கு மேல் தளம் திறக்காமல் '508' என்று ஒரு பிழை வருகிறது. காலையில் கடை திறந்த பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. போன வாரம் ஹோஸ்டிங் நிறுவனம் கணக்கையே நிறுத்திவிட்டது. 'உங்கள் ஸ்கிரிப்ட் சர்வரின் வளங்களை அளவுக்கு மீறி எடுக்கிறது, மற்ற வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள், பெரிய திட்டத்துக்கு மாறுங்கள்' என்று மின்னஞ்சல். கெஞ்சிக் கேட்டதில் ஒரு வாரத் தவணை கொடுத்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இது பணம் பிடுங்கும் வேலையா, 200 பேரைக்கூடத் தாங்காத சர்வர் என்ன சர்வர், தனி சர்வருக்கு மாறிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். தளத்தில் துணி இருப்பைக் காட்டும் ஸ்கிரிப்டைத் தங்கை மகன் எழுதிக் கொடுத்தான், கடையின் பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து அது கணக்கை எடுத்துவரும் என்றும் எழுதியிருக்கிறார்.

ஐயா, அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்; மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். நான் 2008-இல் தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தில் இரவுப் பணிக்குச் சேர்ந்தவன். உங்களுக்கு வந்த மின்னஞ்சலைப் போல நூற்றுக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன். பிறகு சொந்தமாகத் தளங்கள் செய்துகொடுக்க ஆரம்பித்து, அதே மின்னஞ்சலை வாங்கித் திட்டியும் இருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கத்துக் கோபமும் எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் 'இரவு பத்து மணி'. துணிக்கடைத் தளத்துக்கு ஆட்கள் வரும் நேரத்தில் ஒழுங்காக ஓடி, ஊர் அடங்கிய பிறகு விழுகிறது என்றால், வருகிறவர்களின் கூட்டத்தில் காரணத்தைத் தேடிப் பயனில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் உங்கள் தளம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தேட வேண்டும்.

அதற்கு முன் ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் என்ன என்பதை நம் பக்கத்து உதாரணத்திலேயே சொல்கிறேன். நீங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்திருந்தால் உடனே புரியும். ஒரு வாசல், உள்ளே எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரே சம்ப், ஒரே மோட்டார். தண்ணீர் லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். எல்லோரும் அளவாக எடுத்தால் மறுநாள் வரை வரும். ஒரு வீட்டில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டால், தப்பே செய்யாத ஏழு வீட்டுக்காரர்கள் காலையில் காலிக் குடத்தோடு நிற்பார்கள். சர்வரில் சம்ப் என்பது கணக்குப் போடும் சிபியு, மெமரி, கோப்புகள் இருக்கும் வட்டு, தரவுத்தளத்தின் இணைப்புகள். குடித்தனங்கள் எட்டல்ல, சில நூறு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு கிடையாது. சர்வரை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், புராசஸ்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை, குழுவாகக் கட்டி அளந்து கொடுக்கும் வசதியே 2008 தொடக்கத்தில்தான் சேர்ந்தது. ஷேர்டு ஹோஸ்டிங்குக்கென்றே இந்த மாதிரி வசதியோடு கிளவுட்லினக்ஸ் என்ற லினக்ஸ் வகை 2010-இல் வந்தது. அதுவரை திரையில் ஓடும் புராசஸ் பட்டியலைக் கொட்டக் கொட்டப் பார்த்து, எது முட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைக் கையால் கொல்வதுதான் எங்கள் இரவுப் பணி. இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு, வட்டில் எழுதப் படிக்க வேகம் இவ்வளவு, ஒரே சமயத்தில் உள்ளே நுழையும் புராசஸ் இத்தனை என்று வால்வு போட்டிருக்கிறார்கள். அந்த எல்லையில் முட்டும்போது வருவதுதான் உங்கள் 508. இணையத் தரத்தில் அந்த எண்ணுக்கு வேறு பொருள், 'சுழலில் மாட்டிக்கொண்டது' என்று. கிளவுட்லினக்ஸ் அதை எடுத்து 'வள வரம்பு முடிந்தது' என்பதற்குப் பயன்படுத்திக்கொண்டது. ஆகவே கூகுளில் தேடி வேறு விளக்கம் கிடைத்தால் குழம்ப வேண்டாம்.

இந்த வரம்புகளில் சாமானியரை ஏமாற்றுவது நுழைவுப் புராசஸ் வரம்பு. பல நிறுவனங்கள் இதை 20 என்று வைக்கின்றன. 20 பேர்தான் தளத்தைப் பார்க்க முடியும் என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே சமயத்தில் 20 வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கலாம் என்பதுதான் பொருள். ஒரு பக்கத்தை உருவாக்க 0.2 விநாடி ஆனால், 20 இடத்தை வைத்துக்கொண்டு விநாடிக்கு 100 பக்கம் கொடுக்கலாம். எம்.சி. ரோட்டின் தீபாவளிக் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் உங்கள் தளத்துக்குத் திரும்பினால்தான் அது நிரம்பும். அதே பக்கம் 60 விநாடி எடுத்தால்? நிமிடத்துக்கு 20 பக்கம்தான். மூன்று விநாடிக்கு ஒரு ஆள் வந்தாலே கதவு அடைபடும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரி அதிகம் என்பது ஒரு காரணம்தான். வாசலில் ஒவ்வொரு லாரியும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் வரிசையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் தங்கை மகனின் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். நான் அதைப் பார்க்கவில்லை, ஆகவே இது ஊகம். ஆனால் இதே ஊகத்தின் மேல் பலமுறை பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒரு புடவையின் பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கம் உருவாகும்போதே ஸ்கிரிப்ட் உங்கள் கடையின் பில்லிங் கம்ப்யூட்டரைத் தொடர்புகொண்டு 'இந்தப் புடவை எத்தனை இருக்கிறது' என்று கேட்கிறது. பகலில் அரை விநாடியில் பதில் வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். இரவு பத்து மணிக்குக் கடையைக் கட்டுகிறீர்கள், பில்லிங் கம்ப்யூட்டரை அணைக்கிறீர்கள், ஷட்டரை இறக்குகிறீர்கள். ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. அது கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.

எவ்வளவு நேரம் நிற்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஹெச்பி மொழியில் வெளியே ஓர் இணைப்பைத் திறந்து காத்திருக்கும் நேரத்துக்கு இயல்பான அளவு 60 விநாடி. கர்ல் என்ற நூலகத்தைப் பயன்படுத்தியிருந்தால், மொத்த நேரத்துக்கு இயல்பான வரம்பு 0. அதாவது வரம்பே கிடையாது. இணைப்பே கிடைக்காவிட்டால் லினக்ஸ் தானாகக் கைவிடுவதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 'பிஹெச்பியில்தான் 30 விநாடி ஓட்ட வரம்பு இருக்கிறதே, அது கொன்றுவிடாதா' என்று உங்கள் தங்கை மகன் கேட்பான். நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் அதை நம்பியிருந்தேன். லினக்ஸில் அந்த 30 விநாடி என்பது ஸ்கிரிப்ட் சொந்தமாக வேலை செய்த நேரத்தை மட்டும் எண்ணுகிறது. வெளிப் பதிலுக்காகக் காத்திருந்த நேரமும், தரவுத்தளம் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரமும் கணக்கில் வராது. காவலாளி தூங்குகிறவரை எழுப்ப மாட்டார், ஓடுகிறவரைத்தான் பிடிப்பார்.

பார்க்க வந்தவர் சலித்துப்போய்ப் பக்கத்தை மூடிவிட்டாலும் சர்வருக்கு உடனே தெரியாது. திரும்ப ஏதாவது அனுப்ப முயலும்போதுதான் எதிரில் ஆள் இல்லை என்று பிஹெச்பி கண்டுகொள்ளும். காத்திருக்கும் ஸ்கிரிப்ட் எதையும் அனுப்புவதில்லை. அவர் மூடிவிட்டு மறுபடி திறந்தால் இரண்டாவது புராசஸ். பொறுமையில்லாதவர் ஐந்து தடவை அழுத்தினால் ஐந்து. 20 இடத்தில் ஐந்து போயிற்று.

'இரவு பத்துக்கு மேல் யார் ஐயா புடவை பார்க்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். ஆட்கள் குறைவுதான். ஆனால் தேடுபொறிகளின் ரோபோக்களுக்கு இரவு பகல் இல்லை. உங்கள் 200 என்ற எண்ணிக்கை, பார்வையாளர்களை எண்ணும் சேவையிலிருந்து வந்ததாக இருக்கும். அதன் எண்ணும் துணுக்கு பிரவுசருக்குள் ஓடுவது. பெரும்பாலான ரோபோக்கள் அதை இயக்குவதில்லை, இயக்கினாலும் சேவை அவற்றைக் கழித்துவிடுகிறது. சர்வரின் சொந்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள், கணக்கு வேறாக இருக்கும். அதிலும் துணிக்கடைத் தளத்தில் நிறம், அளவு, விலை, வரிசை என்று வடிகட்டிகள் வைத்திருப்பீர்கள். 10 நிறம், 6 அளவு, 5 விலை வரம்பு, 4 வரிசைமுறை என்றால் ஒரே பட்டியலிலிருந்து 1,200 வெவ்வேறு முகவரிகள் பிறக்கின்றன. மனிதர் அவற்றில் மூன்றைத் திறப்பார். ரோபோ ஆயிரத்து இருநூறையும் திறந்து பார்க்கும், அது அதன் வேலை. ஒவ்வொன்றும் உங்கள் அணைந்துபோன கம்ப்யூட்டரின் கதவைத் தட்டும்.

காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள், பதில் வருகிறது, தளம் பிழைக்கிறது. உங்கள் கதை முழுவதும் இதில் பொருந்துகிறது. ஆனாலும் பொருந்துகிற முதல் கதையையே பிடித்துக்கொண்டு ஒருமுறை நான் அவமானப்பட்டிருக்கிறேன் என்பதால், இரண்டாவது சந்தேக நபரையும் சொல்லிவிடுகிறேன்: கிரான்.

கிரான் என்பது குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தானாகத் தொடங்கிவைக்கும் ஏற்பாடு. ஐந்து இடங்களில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று எழுத வேண்டும். நட்சத்திரம் போட்டால் 'எல்லாம்' என்று பொருள். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்றால் 0 2 * * * என்று எழுத வேண்டும். பலரும் * 2 * * * என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு 'இரண்டு மணி' என்றுதான் தெரிகிறது. கிரானோ, இரண்டு மணி என்ற அந்த மணிநேரத்தின் ஒவ்வொரு நிமிடமும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தடவைக்குப் பதில் 60 தடவை.

எங்களிடம் மணலிப் பக்கம் லாரி உதிரிபாகம் விற்கும் ஒரு வாடிக்கையாளர் இருந்தார். நல்ல மனிதர், கவனமானவர். தளம் முழுவதையும் தினமும் சுருட்டிப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரவு இரண்டு மணிக்கு ஒரு கிரான் வைத்தார், அந்த ஒரு நட்சத்திரப் பிழையோடு. ஒவ்வொரு பிரதியும் முடிய நான்கைந்து நிமிடம் ஆகும். முதலாவது முடிவதற்குள் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது தொடங்கிவிட்டன. நான்கும் ஒரே வட்டைப் படித்ததால் ஒவ்வொன்றும் மந்தமாகி, நான்கு நிமிட வேலை பத்து நிமிடமானது. பத்து நிமிடம் ஆனதால் ஒரே சமயத்தில் ஓடுவது பத்தானது. இதற்கு மேல் ஒரு விஷம்: பிரதியைத் தளத்தின் கோப்புறைக்குள்ளேயே சேமிக்கச் சொல்லியிருந்தார். ஆகவே ஒவ்வொரு புதிய பிரதிக்குள்ளும் முந்தைய பிரதிகள் அடங்கின. பாம்பு தன் வாலைத் தின்பதற்கு நேர்மாறாக, வால் பாம்பைத் தின்று பெருத்தது.

இரண்டேகாலுக்கு எச்சரிக்கை வந்தபோது எட்டு கோர் கொண்ட அந்த சர்வரின் லோடு 140-ஐத் தாண்டியிருந்தது. லோடு என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை: லினக்ஸில் அது சிபியுவுக்காக நிற்பவர்களை மட்டுமன்றி வட்டுக்காக நிற்பவர்களையும் சேர்த்து எண்ணும். அதனால் சிபியு சும்மா இருக்கும்போதும் லோடு விண்ணைத் தொடலாம். எனக்கு அன்று அது தெரியாது. சிபியுவைத் தின்னும் புராசஸைத் தேடி அரை மணி நேரத்தை வீணாக்கினேன். மூன்று மணி சுமாருக்கு வட்டு நிரம்பியது. தரவுத்தளம் எழுத இடமில்லாமல் அப்படியே நின்றது. சில நூறு தளங்கள் ஒரே மூச்சில் படுத்தன. அந்த மனிதரை எழுப்பியபோது அவர் சொன்னது: 'தம்பி, நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், என் தளத்தை இந்த நேரத்தில் ஒருவரும் பார்க்க மாட்டார்கள், நான் எப்படிக் காரணம்?' முழுக்க நியாயமான கேள்வி.

இதில் பிஹெச்பியின் ஓட்ட வரம்பும் உதவாது என்பதைக் கவனியுங்கள். பிரவுசர் வழியாக ஓடும்போதுதான் 30 விநாடி. கிரான் நேரடியாகக் கட்டளைவரியில் பிஹெச்பியை இயக்கும்போது இயல்பான வரம்பு 0. நாள் முழுதும் ஓடலாம், கேட்பாரில்லை. ஆகவே கிரான் வேலைக்குப் பூட்டு வேண்டும்: முந்தையது முடியாதவரை அடுத்தது தொடங்கவே கூடாது. லினக்ஸில் எஃப்லாக் என்ற சிறு கருவி ஒரே வரியில் இதைச் செய்துவிடும்.

கிரானுக்கு நேரம் குறிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லோரும் நள்ளிரவு 12, மணி முழுசு, ஐந்தின் மடங்கு என்றே வைக்கிறார்கள். ஷேர்டு சர்வரில் நள்ளிரவு 12 என்பது நூறு குடித்தனமும் ஒரே சமயத்தில் மோட்டாரைப் போடும் நேரம். 17-ஆம் நிமிடம், 43-ஆம் நிமிடம் என்று ஏதாவது அநாதை நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். சர்வரின் கடிகாரம் எந்த ஊர் நேரம் என்றும் பாருங்கள். உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் இரவு இரண்டு என்பது நமக்குக் காலை ஏழரை. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் அவர்களுடைய நள்ளிரவு நமக்குக் காலை ஒன்பதரை அல்லது பத்தரை. சரியாக நீங்கள் கடை திறக்கும் நேரத்தில் உங்கள் தளம் பிரதி எடுக்க உட்கார்ந்திருக்கும்.

வேர்ட்பிரஸுக்கென்று ஒரு போலிக் கிரானும் உண்டு. யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் 'செய்ய வேண்டிய வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா' என்று அது பார்க்கும். ஆள் குறைவான தளத்தில் பிரச்சினையில்லை. ரோபோ விநாடிக்கு ஒரு பக்கம் திறந்தால் விநாடிக்கு ஒருமுறை அந்தச் சோதனை நடக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து அதை நிறுத்திவிட்டு, உண்மையான கிரானில் கால் மணிக்கு ஒருமுறை ஓட விடலாம். அதேபோல, நிர்வாகப் பக்கத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டால் அது 15 முதல் 60 விநாடிக்கு ஒருமுறை சர்வருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். கடையில் மூன்று பேர் மூன்று இடத்தில் திறந்து வைத்திருந்தால் அந்தத் துடிப்பும் சேரும். தனியாக இது உங்களைக் கொல்லாது. மற்றவற்றோடு சேர்ந்தால் கடைசித் துரும்பாகலாம்.

பிரவுசர் பக்கத்து ஸ்கிரிப்ட் வேறு கதை. இருப்பு உடனுக்குடன் மாறித் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு விநாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும்படி எழுதுகிறார்கள். சோதிக்கும்போது எழுதியவர் ஒருவர்தான் இருப்பார், பட்டுப்போல ஓடும். 50 பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் விநாடிக்கு 25 கேள்வி, மணிக்கு 90,000. அவர்கள் எதையும் வாங்கவில்லை, நகர்த்தவில்லை, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். தங்கை மகனின் குறியீட்டில் இப்படி எதுவும் இருக்கிறதா என்று கேளுங்கள். புடவை இருப்பு இரண்டு விநாடிக்கு ஒருமுறை மாறும் கடை எம்.சி. ரோட்டிலேயே எனக்குத் தெரிந்து இல்லை.

தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது) இல்லாத அட்டவணை, இன்னொரு பழைய குற்றவாளி. ஐந்நூறு வரிசை இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது, சில லட்சம் ஆனபோது ஒவ்வொரு தேடலும் முழு அட்டவணையையும் புரட்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் மெதுவான கேள்விகளைப் பதியும் வசதி இருக்கிறது, ஆனால் இயல்பாக 10 விநாடிக்கு மேல் போனால்தான் 'மெது' என்று அது ஒத்துக்கொள்ளும். ஒன்பது விநாடிக் கேள்வி நல்லபிள்ளையாகத் தப்பிவிடும். அதை ஒரு விநாடிக்கு இறக்கிப் பார்க்க வேண்டும், ஷேர்டு சர்வரில் அதை நிறுவனம்தான் செய்ய முடியும்.

காணாமல்போன படங்களையும் பார்த்துவிடுங்கள். வேர்ட்பிரஸில் இல்லாத ஒரு படத்தைக் கேட்டால், 'இல்லை' என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்காக முழு வேர்ட்பிரஸும் எழுந்து உட்காரும். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் பழைய வார்ப்புருவை (தீம்) மாற்றியபோது பக்கத்துக்கு நாலு படம் உடைந்திருந்தால், ஒரு பார்வையாளர் ஐந்து பேராகிவிடுகிறார்.

இப்போது அந்த மீதிப் பாதி. ஹோஸ்டிங் நிறுவனங்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. விற்கும்போது 'வரம்பற்ற இடம், வரம்பற்ற போக்குவரத்து' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். உங்களை நிறுத்தியது இடமும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. 20 என்ற அந்த நுழைவு எண்ணைப் பணம் கட்டும் பக்கத்தில் எங்காவது பார்த்தீர்களா? மணலிக்காரரின் இரவுக்குப் பாதிப் பொறுப்பு எங்கள் நிறுவனத்துடையது. அவருக்கு வட்டு அளவு வரம்பு வைத்திருந்தால் அவர் தளம் மட்டும் நின்றிருக்கும். விளம்பரத்தில் வரம்பற்றது என்று போட்டுவிட்டதால் முதலாளி வைக்க விடவில்லை. அடுத்து, எந்த ஸ்கிரிப்ட் என்று சொல்லாமல் 'உங்கள் ஸ்கிரிப்ட்' என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது. அவர்களுக்குக் கோப்பின் பெயர் தெரியும், தெரியாமல் நிறுத்தியிருக்க முடியாது. எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வரம்பில் முட்டியது என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நுழைவுப் புராசஸ் வரம்பில்தான் முட்டியது, சிபியு கிட்டத்தட்டச் சும்மா இருந்தது என்று பதில் வந்தால், உங்கள் தளம் உழைத்துக் களைக்கவில்லை, எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது என்பது உறுதி. கட்டுப்பாட்டுப் பலகையில் வளப் பயன்பாடு என்ற பக்கத்தில் வரைபடமாகவும் அதைப் பார்க்கலாம். 'பெரிய திட்டம்' வாங்கினால் 20 என்பது 40 ஆகும். உங்கள் தளம் பத்தரைக்கு விழுவதற்குப் பதில் பதினொன்றுக்கு விழும்.

தனி சர்வர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெய்நிகர் தனி சர்வருக்கு, அதாவது ஒரு பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கும் பங்குக்கு (விபிஎஸ்), மாறினால் அண்டை வீட்டார் தொல்லை இருக்காது, உண்மை. ஆனால் குழாயை மூடவும் ஆள் இருக்காது. அதே ஸ்கிரிப்ட் அங்கே போய்ப் புராசஸ்களைக் குவித்து மெமரியை நிரப்பும். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் பெரிய புராசஸாகப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது உங்கள் தரவுத்தளமாக இருக்கும். அப்போது மின்னஞ்சல் அனுப்பி எச்சரிக்கக்கூட யாரும் இல்லை. முதலில் ஸ்கிரிப்டைத் திருத்துங்கள், பிறகும் நெருக்கடி இருந்தால் வீடு மாறலாம்.

திருத்துவது கடினமில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது, வெளி இணைப்புக்கு மூன்று விநாடி வரம்பு போடுவது. பதில் வரவில்லையா, கடைசியாகத் தெரிந்த இருப்பைக் காட்டிவிட்டுப் போகட்டும். ஒருமுறை வந்த பதிலைப் பத்து நிமிடம் தளத்திலேயே சேமித்து வைத்துக்கொண்டால், ஆயிரம் ரோபோ வந்தாலும் கடைக் கம்ப்யூட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நானாக இருந்தால் திசையையே திருப்பிவிடுவேன். தளம் கடையைக் கேட்பதற்குப் பதில், கடைக் கம்ப்யூட்டர் தளத்துக்கு அனுப்பட்டும். பில் போடும்போது இருப்பு மாறினால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறியதை மட்டும் ஒரு சிறு கோப்பாக மேலே தள்ளட்டும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் எதுவும் போகாது, யாரும் காத்திருக்கவும் மாட்டார்கள், கடை மூடிய பிறகு இருப்பும் மாறப்போவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: இப்போது வெளியிலிருந்து தளம் உள்ளே வர வேண்டும் என்பதற்காகக் கடை ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பீர்கள். அந்த வாசல் உங்கள் தளத்துக்கு மட்டும் திறந்திருக்கவில்லை, உலகத்துக்கே திறந்திருக்கிறது. பில்லிங் கணக்கு முழுவதும் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது நல்லதில்லை. புது ஏற்பாட்டில் அதை அடைத்துவிடலாம்.

தங்கை மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவன் தன் கம்ப்யூட்டரில் சோதித்தபோது இரண்டு பக்கமும் விழித்திருந்தன, பதில் வந்தது. பதில் வராத நாளுக்கு எழுதுவதைக் கல்லூரியில் அதிகம் சொல்லித் தருவதில்லை, எனக்கும் மணலிக்காரர்தான் சொல்லித் தந்தார்.

அதற்கெல்லாம் முன் ஒரு சோதனை, செலவில்லாதது. இன்று இரவு ஷட்டரை இறக்கும்போது பில்லிங் கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் அணைக்காமல் விட்டுப் போங்கள். மின்வெட்டு வந்தால் சோதனை கெட்டுவிடும், இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதினொன்றுக்கு வீட்டிலிருந்து தளத்தைத் திறந்து பாருங்கள். காலையில் வளப் பயன்பாட்டுப் பக்கத்தில் நுழைவுப் புராசஸ் எத்தனை முறை எல்லையில் முட்டியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் என் ஊகம் சரி, மூன்று விநாடி வரம்பைப் போட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து கம்ப்யூட்டரை அணைக்கலாம். வழக்கம்போலவே விழுந்திருந்தால், கிரான் பட்டியலையும், இரவு பத்திலிருந்து பதினொன்று வரையிலான சர்வர் பதிவேட்டையும் எடுத்து அனுப்புங்கள். அடுத்து அங்கே பார்க்கலாம்.